தாம்பாளத்து ஃபைல்

உக்காரும்மா, உக்காரு. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழ வந்துடு. புது ஸ்டாஃப் அறிமுக விழாவுக்கு வந்திருக்கிற பொண்ணுதானே? கம்ப்யூட்டர் சயின்ஸ். லிஸ்ட்ல மூணாவது பேரு, ஹேமாவதி. பாத்தியா, பேப்பரைப் பாக்காமலே சொல்லிட்டேன். நேத்தே மனப்பாடம் பண்ணிட்டேன். இந்த காலேஜ்ல எத்தனையோ பேரை அறிமுகப்படுத்தியிருக்கேன், ஒருத்தரைக்கூட பேப்பரைப் பாத்துப் படிச்சு அறிமுகப்படுத்தினது கிடையாது.

உன்னை நீங்கன்னுதான் கூப்பிடணும். இன்னியிலேர்ந்து நீயும் ஒரு பேராசிரியை. ஆனா எனக்கு உன் வயசுல பொண்ணு இருக்கா, வாய்ல வரமாட்டேங்குது. மேடையில நீங்கன்னே சொல்லிடறேன், சரியா?

நான் கலியபெருமாள். ஹிஸ்டரி. ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் எங்க இருக்குன்னு தேடாத, சேர்றதுக்குப் புள்ளைங்க இல்லாம மூடி ஒம்போது வருஷம் ஆச்சு. அப்ப மூணு பேரு இருந்தோம். மத்த ரெண்டு பேரையும் அனுப்பிட்டாங்க. என்னை மட்டும் கரஸ் கூப்பிட்டு விட்டாரு. கரஸ்னா கரஸ்பாண்டன்ட், இந்தக் காலேஜோட முதலாளி. நாங்க எல்லாரும் கரஸ்னுதான் சொல்லுவோம், நீ அவர் எதிர்ல சொல்லிடாத. கூப்பிட்டு, கலியபெருமாள், டிபார்ட்மெண்ட் போனா போவுது, மைக் இருக்கு, நீங்க இருங்கன்னாரு. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்த வார்த்தை? வாரத்துக்கு நாலு மணி நேரம் வேல்யூ எஜுகேஷன் எடுக்கறேன். மத்தபடி விழா. பொங்கல் விழா, விளையாட்டு விழா, ஆண்டு விழா, அப்புறம் இந்த அறிமுக விழா. இதுதான் எனக்குப் புடிச்சது. புது முகமா வருவாங்க, சலவை வெச்ச துணி போட்டுட்டு, உன்னை மாதிரி.

ஃபைல் கொண்டாந்திருக்கியா? டென்த்லேர்ந்து எம்.எஸ்ஸி. வரைக்கும் எல்லாம் ஒரிஜினலா? மடியில வெச்சிருக்கியே, அதானா? சரி சரி, இப்ப குடுக்க வேணாம். மேடையிலதான் வாங்கணும். ஏன் அவ்ளோ அழுத்திப் புடிச்சிருக்க, வேர்வை பட்டுடப் போவுது.

ஏன் ஒரிஜினல்னு கேக்கறியா? ஆபீஸ்ல சொல்லலையா உனக்கு? சொல்லமாட்டாங்க. எல்லாத்தையும் நானே சொல்லிப்பேன்னு விட்டுடுவாங்க. மூணு வருஷம் இங்க வேலை பாக்கறேன்னு கையெழுத்து போட்ட இல்ல, அந்த மூணு வருஷமும் ஒரிஜினல் காலேஜ் பாதுகாப்புல இருக்கும். வேற ஒண்ணும் இல்ல. பாதியில விட்டுட்டுப் போனா புள்ளைங்க படிப்பு என்ன ஆவறது? ஆபீஸ் சூப்பரண்ட் வைத்திலிங்கம் ரூம்ல பச்சை பீரோ ஒண்ணு இருக்கு. சாவி அவரு இடுப்புலயே இருக்கும், குளிக்கும்போதுகூட கழட்டமாட்டாருன்னு சொல்லுவாங்க. அவ்ளோ பத்திரம். நடுவுல மேலேர்ந்து ஒரு சர்க்குலர்கூட வந்துச்சு, யாரோட ஒரிஜினலையும் காலேஜ் வாங்கி வெச்சுக்கக் கூடாதுன்னு. அந்த சர்க்குலரையும் பத்திரமா வெச்சிருக்கோம். அதே பீரோவுலதான்.

முன்னல்லாம் இது ஆபீஸ்ல நடந்துட்டு இருந்துச்சும்மா. ஒவ்வொருத்தரா உள்ள போவணும், வைத்திலிங்கம் ஒவ்வொரு பேப்பரா எண்ணி வாங்குவாரு. பாக்கவே நல்லா இருக்காது. ரசீது குடுங்கன்னு ஒருத்தர் கேப்பாரு. ஜெராக்ஸ் எடுத்துக்கறேன்னு ஒருத்தர் வெளிய போவாரு, போனவரு திரும்பியே வரமாட்டாரு. ஒரு அம்மா அழுதே அழுதுட்டாங்க. நான்தான் கரஸ்கிட்ட போய் சொன்னேன், ஐயா, இதை மேடையில வெச்சுடலாம், ஒரு மரியாதையா பண்ணிடலாம்னு. பித்தளைத் தாம்பாளம், அதுல வெத்தலை பாக்கு, கொஞ்சம் பூ. நான் பேரைச் சொல்லி, படிப்பைச் சொல்லி, நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிடுவேன். அவங்க மேடைக்கு வந்து ஃபைல ரெண்டு கையாலயும் என்கிட்ட குடுப்பாங்க. நான் அதை வாங்கித் தாம்பாளத்துல வெச்சு கரஸ்கிட்ட குடுப்பேன். அவரு ஒரு சால்வை போத்துவாரு. எல்லாரும் கை தட்டுவாங்க. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் ரசீது கேட்டவங்க ஒருத்தர் கிடையாது. கை தட்டறாங்க இல்ல, அதுக்கு நடுவுல எப்படிக் கேப்பாங்க?

கரஸ் அன்னிக்கு என் தோள்ல கையை வெச்சாரு. இந்த ஊர்ல முந்திரி வியாபாரம் பண்ணி, கல்லு கல்லா சேத்து காலேஜ் கட்டின மனுஷன். லேசுல யார் தோள்லயும் கை வெக்கமாட்டாரு.

டீ குடிக்கறியா? வேணாமா? சரி.

ஜன்னல் வழியா பாரு, மேடைக்குப் பக்கத்துல தாம்பாளத்தைத் துணியால தொடச்சிட்டு இருக்கே ஒரு பொண்ணு. மெரூன் புடவை. அதான் புவியரசி. மேத்ஸ். அந்தப் பொண்ணு எனக்கு வணக்கம் சொல்லி ஒண்ணரை வருஷம் ஆவுதும்மா. எதிர்ல வந்தா தலையைக் குனிஞ்சிக்கறா. ஸ்டாஃப் ரூம்ல நான் உள்ள வந்தா பேச்சு நின்னு போவுது. நான் என்ன தப்பு பண்ணினேன், நீயே சொல்லு. நீ வெளியாளு, உனக்குத்தான் நியாயமா தெரியும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு ஜூன்ல வந்தா. இதே ரூம்தான். எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., பி.எட்., எல்லாத்துலயும் முதல் வகுப்பு. அப்பா கரும்பு வெட்டுக்குப் போறவரு. அவரும் கூட வந்திருந்தாரு, வெள்ளைச் சட்டை போட்டுட்டு, புதுசு, மடிப்புக்கூட கலையல. கடைசி வரிசையில உக்காரச் சொன்னா உக்காரமாட்டேங்கறாரு, நின்னுட்டே இருந்தாரு. நான் மேடையில என்ன சொன்னேன் தெரியுமா? கணிதக் கடலில் மூழ்கி முத்தெடுத்து, அந்த முத்துக்களை நம் மாணவர் கைகளில் சேர்க்க வந்திருக்கும் புவியரசி அவர்களேன்னு கூப்பிட்டேன். அந்த மனுஷன் கண்ணைத் தொடச்சிக்கிட்டாரு. கைதட்டல்ல கடைசியா ஓய்ஞ்ச கை அவரோடதுதான்.

அந்தப் பொண்ணு ஃபைலக் குடுத்தா பாரு, விடமாட்டேங்கறா. நான் இந்தப் பக்கம் புடிச்சிருக்கேன், அவ அந்தப் பக்கம் புடிச்சிருக்கா. சிரிச்சிட்டேதான் இருக்கா, ஆனா விரல் விடல. நான் லேசா இழுக்க வேண்டியதா போச்சு. புள்ளைங்க சிரிச்சிடுச்சு. நானும் சமாளிச்சு, பாருங்க, கல்லூரிக்கு வந்த முதல் நாளே உறுதியான பிடின்னு ஒரு போடு போட்டேன். கரஸே சிரிச்சிட்டாரு.

நல்லாதான் போயிட்டு இருந்துச்சு. நல்லா பாடம் எடுப்பா, புள்ளைங்களுக்கு அவ மேல உசுரு. அப்பல்லாம் காலையில என்னைப் பாத்தா முதல் வணக்கம் அவளோடதுதான். அப்புறம் அந்த ஜனவரி. இங்க சேர்றதுக்கு முன்னாடியே கவர்மெண்ட் ஸ்கூல் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்திருக்கா. பாஸ் ஆயிட்டா. வர்ற வெள்ளிக்கிழமை கடலூர்ல சர்டிஃபிகேட் சரிபார்ப்பு, எல்லா ஒரிஜினலோட நேர்ல வரணும்னு போன்ல வந்திருக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓடி வரா. மூச்சு வாங்குது. சிரிக்கறா, அழுவறா, ரெண்டும் சேர்ந்து.

கரஸ் அப்ப சபரிமலை போயிருந்தாரு. சனிக்கிழமைதான் வருவாரு. போன் போட்டா மலையில டவர் கிடையாது. முதல்வர்கிட்ட போனா. அவரு, நான் இதுல தலையிடறதில்லன்னுட்டாரு. முதல்வர் எதுலயும் தலையிடமாட்டாரு, அதனாலதான் பதினாலு வருஷமா முதல்வரா இருக்காரு. வைத்திலிங்கத்துகிட்ட போனா. வைத்திலிங்கம் கெட்டவர் இல்லம்மா. அவரு சொன்னாரு, சீனியர் ஸ்டாஃப் யாராவது ஒருத்தர் ரிஜிஸ்டர்ல பொறுப்புக் கையெழுத்து போடட்டும், வெள்ளிக்கிழமை காலையில ஃபைலக் குடுக்கறேன், சாயங்காலம் திரும்ப வந்துடணும்னாரு. அவ்ளோதான். ஒரு கையெழுத்து.

என்கிட்டதான் வந்தா. வேற யார்கிட்ட வருவா? "சார், நீங்கதானே என் கையிலேர்ந்து வாங்கினீங்க"ன்னா.

எனக்கு அது ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் எனக்காகவா வாங்கினேன்? காலேஜ் சார்பா வாங்கினேன். அதை அவகிட்ட சொன்னேன். "தெரியும் சார், ஆனா உங்க கையிலதானே குடுத்தேன்"னு திரும்பவும் அதையே சொல்றா.

வைத்திலிங்கம் ரிஜிஸ்டரைத் தூக்கிட்டு வந்து என் முன்னாடி விரிச்சாரு. பேனாவை எடுத்தேன்மா. பொய் சொல்லல, மூடியைக்கூட திறந்துட்டேன். அப்பதான் யோசனை வந்துச்சு. இவ வெள்ளிக்கிழமை போவா. செலக்ட் ஆயிடுவா, அதுல சந்தேகமே இல்ல, அவ்ளோ மார்க்கு. செலக்ட் ஆனவ சாயங்காலம் ஃபைலத் தூக்கிட்டு எதுக்குத் திரும்ப வரணும்? நானா இருந்தாலும் வரமாட்டேன். சனிக்கிழமை கரஸ் மலையிலேர்ந்து வந்து, ரிஜிஸ்டரைப் பாத்து, கலியபெருமாள்னு ஒரு தடவை கூப்பிட்டாருன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்? எனக்கு டிபார்ட்மெண்டே இல்லம்மா. ஐம்பத்தஞ்சு வயசுல என்னை எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்? பயந்துட்டேன். பயந்துட்டேன்னு சொன்னா என்ன, பயந்துதான் போனேன். பேனாவை மூடிட்டேன்.

ஆனா சும்மா விட்டுட்டேன்னு நெனைக்காத. அதான் எல்லாரும் மறந்துடறாங்க. புவியரசி, நீ கவலைப்படாத, ஜெராக்ஸ் காப்பி எல்லாம் எடுத்துக்க, நான் ஒரு லெட்டர் எழுதித் தரேன்னேன். காலேஜ் லெட்டர்பேட்ல, ரெண்டு பக்கம். முழுசா ரெண்டு நாள் உக்காந்து எழுதினேன். இவருடைய சான்றிதழ்கள் எமது கல்லூரியின் பாதுகாப்பில் பத்திரமாக உள்ளன, இவரது புலமைக்கு நானே சாட்சின்னு ஆரம்பிச்சு, அந்தக் கணிதக் கடல், முத்து எல்லாத்தையும் சேர்த்து, கீழ கையெழுத்து போட்டு, விழா ஒருங்கிணைப்பாளர்னு சீல் வெச்சுக் குடுத்தேன். கையெழுத்து போட மாட்டேன்னுட்டாருன்னு ஸ்டாஃப் ரூம்ல பேசறாங்களே, லெட்டர்ல ரெண்டு பக்கத்துலயும் என் கையெழுத்து இருக்கு.

வியாழக்கிழமை அவங்க அப்பா வந்தாரு. அதே வெள்ளைச் சட்டை. என் கையைப் புடிச்சிக்கிட்டாரு. "ஐயா, அன்னிக்கு எங்க பொண்ணப் பத்தி எவ்ளோ பெருமையா பேசினீங்க, நீங்க சொன்னா யாரு மறுக்கப் போறா"ன்னாரு. நான்தான் காலேஜுக்கே பெரியவன்னு நெனைச்சிட்டாரு. மைக் புடிக்கறவரைப் பாத்தா ஜனங்களுக்கு அப்படித்தான் தோணும். நானும், லெட்டர் குடுத்திருக்கேன், ஒண்ணும் பயப்படாதீங்கன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பினேன். டீ வாங்கிக் குடுத்தேன்மா.

வெள்ளிக்கிழமை போனா. சாயங்காலம் வரைக்கும் வரிசையில நின்னிருக்கா. அங்க இருந்தவங்க ஒரிஜினல் எங்கன்னு கேட்டிருக்காங்க. லெட்டரைக் குடுத்திருக்கா. ஒரிஜினல் இல்லாததால வரலன்னு எழுதிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டாங்களாம். நேர்ல நிக்கறவளை வரலன்னு எப்படி எழுத முடியும்னு நான்கூட கேட்டேன். அவங்க ரூல்ஸ் அப்படி. மறு தேதியும் குடுக்கல.

சனிக்கிழமை காலையில என் டேபிளுக்கு வந்தா. அந்த லெட்டரை மடிப்புக் கலையாம எடுத்து வெச்சா. "சார், இதை அங்க நாலு பேரு வாங்கி வாங்கிப் படிச்சாங்க. ரொம்ப நல்லா எழுதியிருக்காருன்னு சொன்னாங்க"ன்னா. அவ்ளோதான். போயிட்டா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாகூட இருந்துச்சு, கவர்மெண்ட் ஆபீஸ்ல இருக்கறவங்க படிச்சுப் பாராட்டியிருக்காங்களேன்னு. அந்த லெட்டரை இன்னும் வெச்சிருக்கேன். உன் அறிமுகத்துக்கும் அதுலேர்ந்துதான் ரெண்டு வரி எடுத்திருக்கேன். கணிதக் கடலுக்குப் பதிலா கணினிக் கடல். நல்லாருக்கு இல்ல?

அன்னிக்கு மத்தியானமே கரஸ் வந்துட்டாரு. விஷயம் காதுக்குப் போயிடுச்சு. என்னைக் கூப்பிட்டாரு. வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனேன். மலையிலேர்ந்து கொண்டாந்த பிரசாதம், அரவணைப் பாயசம் ஒரு டப்பா என் கையில குடுத்து, நல்ல காரியம் பண்ணினீங்கன்னாரு. அந்த டப்பாவை வீட்டுக்குக் கொண்டு போனேன். ஏனோ திறக்கணும்னு தோணல. என் சம்சாரம்தான் கொஞ்ச நாள் கழிச்சு அக்கம் பக்கத்துக்குக் குடுத்தா.

புவியரசி வேலையை விட்டுட்டுப் போயிருக்கலாமேன்னுதானே கேக்கற? எதை வெச்சுட்டுப் போறது? ஒரிஜினல் இல்லாம வேற காலேஜ்ல வாசப்படி ஏத்துவாங்களா? அடுத்த ஜூன்ல அவளுக்கு மூணு வருஷம் முடியுது. கேட்டா குடுப்பாங்க. கேக்கணும். கேட்டு, கரஸ் மனசு வெச்சு, வைத்திலிங்கம் சாவியை எடுத்து. அதுக்குள்ள அவளுக்கு வயசும் ஏறிடும், அடுத்த பரீட்சை எப்ப வெப்பாங்களோ. எப்படியோ, இப்ப மாறிட்டான்னு நெனைக்கறேன். இந்த வருஷம் தாம்பாளத்தை நீயே புடின்னு கரஸ் சொல்லிட்டாரு. மறுபேச்சு பேசல. பாரு, எவ்ளோ நேரமா தொடைக்கறா அதை.

என்னோடதா? என்னோட ஒரிஜினலும் அங்கதாம்மா இருக்கு. வேற எங்க இருக்கும்? நான் சேர்ந்தப்ப ரெண்டு வருஷம்னுதான் சொன்னாங்க. அது ஆச்சு இருபத்தேழு வருஷம். ரிஜிஸ்டரை விரிச்ச அன்னிக்கு, புவியரசி ஃபைல் எங்க இருக்குன்னு தேடும்போது வைத்திலிங்கம் கீழ்த்தட்டுலேர்ந்து ஒண்ணை எடுத்து, சார், இது உங்களுதுன்னு நீட்டினாரு. பிரௌன் கலர் அட்டை. என் கையெழுத்துல என் பேரு. இருக்கட்டும் இருக்கட்டும், உள்ளயே வைங்கன்னுட்டேன். வெளிய எடுத்து என்ன பண்றது, யாருக்குக் காட்டறது?

உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொன்னதில்ல, என் சம்சாரத்துக்கே தெரியாது. எனக்கும் ஒரு கார்டு வந்துச்சு. சேர்ந்து நாலாவது வருஷம். கவர்மெண்ட் காலேஜ் வேலைக்கு நேர்முகத் தேர்வு, ஒரிஜினலோட வரவும்னு. காலேஜ் விலாசத்துக்கே வந்துச்சு. சட்டைப் பையில வெச்சிட்டேன். காலையில கரஸ் ரூம் வாசல் வரைக்கும் போவேன். இன்னிக்கு மூடு சரியில்லன்னு திரும்பிடுவேன். நாளைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு பதினஞ்சு நாள். சட்டை மாத்தும்போதெல்லாம் கார்டை எடுத்து அடுத்த சட்டையில வெச்சுப்பேன். தேதி போச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன். புவியரசியாவது ஓடி ஓடிக் கேட்டா. நான் வாயையே திறக்கல. அவரு என்னைத் தப்பா நெனைச்சிடக் கூடாதேன்னு. அந்த வருஷம் ஆண்டு விழாவுலதான் முதல் தடவையா மைக்கை என் கையில குடுத்தாங்க.

எதுக்கு இதெல்லாம் உன்கிட்ட சொல்றேன்? வயசாயிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல. நீ மடியில ஃபைல வெச்சிட்டு உக்காந்திருந்த தினுசு, சொல்லணும்னு தோணிடுச்சு.

இப்ப மணி என்ன? பத்து பத்தா. சரி, நான் போய் மைக்கைப் பாத்துட்டு வரேன். அது நான் தட்டிப் பாத்தாத்தான் வேலை செய்யும். ஒரு கால் மணி நேரம் ஆவும். அப்புறம்மா, பத்து இருபதுக்கு ஒரு பஸ் இருக்கு. விருத்தாசலம் பஸ். நம்ம கேட்டுலயே நிக்கும். அதை விட்டா ஒண்ணரைக்குத்தான் அடுத்தது. சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன். புதுசா வர்றவங்களுக்கு பஸ் டைம் தெரிஞ்சிருக்கணும் இல்ல. இந்தப் பக்கக் கதவு வழியா போனா கேட்டு கிட்ட. மேடையைச் சுத்தாம, யார் கண்ணுலயும் படாம போயிடலாம். அதுவும் ஒரு தகவலுக்குத்தான். வரட்டுமா?

*

அட, இங்கயேதான் இருக்கியா?

பஸ் வந்துச்சே. ஹாரன் சத்தம் மேடை வரைக்கும் கேட்டுச்சு. ரெண்டு நிமிஷம் நின்னுச்சு, எப்பவும் அவ்ளோ நேரம் நிக்காது. நான் மைக்ல ஹலோ ஹலோன்னுட்டே அந்தப் பக்கம்தான் பாத்துட்டு இருந்தேன். யாரும் ஏறல. நீ ஏறியிருப்ப, மரம் மறைக்குதுன்னு நெனைச்சிக்கிட்டேன்.

புவியரசி பேசினாம்மா என்கிட்ட. ஒண்ணரை வருஷம் கழிச்சு. தாம்பாளத்துல வெத்தலையை அடுக்கிட்டே, என் முகத்தைப் பாக்காம, "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா சார்"னு கேட்டா. பஸ் டைம் சொல்லிட்டேன்னேன். தலையை ஆட்டிக்கிட்டா. எனக்கு என்னவோ வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. இப்ப உள்ள வந்து பாத்தா நீ உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்க.

ஏன்மா?

என்ன சொன்ன? கொஞ்சம் சத்தமா சொல்லு.

எங்க சார் போறதுன்னு கேக்கறியா? பதினோரு காலேஜுக்கு எழுதிப் போட்டியா? பதினொண்ணுலயும் இங்க மட்டும்தான் கூப்பிட்டாங்களா? அம்மா வேற எல்லாருக்கும் சொல்லிட்டாங்களா, பொண்ணு காலேஜ்ல புரொஃபசர் ஆயிட்டான்னு?

அதுவும் சரிதான். அதுவும் சரிதான்மா. நானே வேற என்ன சொல்ல முடியும்? என்கிட்ட பஸ் டைம்தான் இருக்கு, வேலை இல்ல. அழாத. கண்ணு சிவந்திருந்தா போட்டோவுல நல்லா இருக்காது, அந்த போட்டோவைத்தான் காலேஜ் ஆண்டு மலர்ல போடுவாங்க. இந்தா, தண்ணி குடி.

அம்மா வந்திருக்காங்களா? நீலக் கலர் புடவை, கையில மஞ்சப்பை, கடைசி வரிசையில நின்னுட்டு இருக்காங்களே, அவங்களா? உக்காரச் சொன்னேன், பரவாயில்ல சார்னு நிக்கறாங்க. நான் உன்னைப் பத்தி நல்லா சொல்லுவேன்மா. அதுல எந்தக் குறையும் வெக்கமாட்டேன். உங்க அம்மா ஆயுசுக்கும் மறக்கமாட்டாங்க.

கரஸ் வந்துட்டாரு, கார் சத்தம் கேக்குது பாரு. எழுந்திரு. புடவையைச் சரி பண்ணிக்க. மூணாவதா உன்னைக் கூப்பிடுவேன். இடது பக்கப் படியில ஏறு, வலது பக்கப் படி ஆடும். நேரா என்கிட்ட வா. கரஸைப் பாத்து சிரி, அம்மாவை அப்புறம் பாத்துக்கலாம். ஃபைல ரெண்டு கையாலயும் புடிச்சு நீட்டு. நான் புடிச்சதும் நீ விட்டுடணும். என்ன, கேக்குதா? விரலை எடுத்துடு. சில பேரு விடமாட்டேங்கறாங்க, அப்புறம் நான் இழுக்க வேண்டியிருக்கு. எனக்கு இழுக்கறதுக்குக் கை வரமாட்டேங்குதும்மா இப்பல்லாம்.

எங்க, ஒரு தடவை பண்ணிக் காட்டு. நீட்டு. ஆங், அப்படித்தான். நான் புடிச்சிட்டேன்.

விடும்மா.